அந்தப் பேய் எந்த ஊர்க்காரி? – தமிழில் பேய்ப்படமும் மாயப்படமும் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள இயக்குநர்களுக்கும் திரைக்கதை எழுதும் நண்பர்களுக்கும்,

வணக்கம்.

உங்களுக்கு என்னைத் தெரிந்திருக்க வழியில்லை. திருநெல்வேலிக்குத் தெற்கே ஒரு டூரிங் டாக்கீஸில் எங்கள் அப்பா ஆபரேட்டராக இருந்தார். நான் சினிமாவில் ஒரு வேலையும் பார்த்ததில்லை. புரொஜெக்டர் விளக்கில் கார்பன் குச்சி எரிகிற வாசனையிலும், ரீல் மாற்றுகிற இடைவெளியில் ஜனம் போடுகிற கூச்சலிலும் வளர்ந்தவன் என்பதால் உங்களிடம் நாலு வார்த்தை பேச உரிமை உண்டு என்று நானாக நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

இந்த மடலுக்குக் காரணம் எங்கள் ஆச்சி. வயது தொண்ணூறை நெருங்குகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது டிவியில் ஒரு பேய்ப்படம் ஓடிக்கொண்டிருந்தது. பெயர் வேண்டாம், நீங்கள் எந்தப் பெயரை வைத்துக்கொண்டாலும் பொருந்தும். ஒரு பாழடைந்த பங்களா, அதை வாங்கவோ விற்கவோ வருகிற ஒரு குடும்பம், கூடவே நாலு காமெடி நடிகர்கள், நாயகி மேல் இறங்குகிற பேய், இடைவேளைக்குப் பிறகு ஒரு ஃபிளாஷ்பேக், கடைசியில் மந்திரவாதி, தீ, புகை, பேய் கரிந்து மறைவது. ஆச்சி வெற்றிலையை இடித்துக்கொண்டே முழுப் படத்தையும் பார்த்தாள். முடிந்ததும் என்னிடம் கேட்டாள்:

“ஏல, அந்தப் பிள்ள எந்த ஊர்க்காரி?”

“எந்தப் பிள்ள ஆச்சி?”

“அதான்ல, செத்துப்போனவ. அவ எந்த ஊரு? கடைசில அவளுக்கு எங்க எடம் குடுத்தாவ?”

இடமெல்லாம் கொடுக்கவில்லை ஆச்சி, எரித்துவிட்டார்கள் என்றேன். ஆச்சி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “செத்தவள மறுபடியும் கொன்னா அவ சும்மா இருப்பாளாக்கும்?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அந்தக் கேள்வியை உங்களிடம் சேர்ப்பிக்கத்தான் இவ்வளவும்.

தெற்கே எங்கள் ஊர்களில் பேயை யாரும் ஒழித்துக்கட்டுவதில்லை. அகாலத்தில் செத்துப்போன ஒருவர், கொலையுண்ட ஒருத்தி, ஊர் சேர்ந்து செய்த அநியாயத்துக்குப் பலியானவன் என்று யாராவது இரவில் வந்து தொந்தரவு கொடுத்தால், முதலில் யார் என்று கேட்பார்கள். பிறகு என்ன வேண்டும் என்று கேட்பார்கள். அப்புறம் ஊர் எல்லையிலோ ஆற்றங்கரையிலோ ஒரு பீடம் போட்டு, வருஷத்துக்கு ஒரு கொடை, அதாவது கோவில் திருவிழா, என்று பேசி முடிப்பார்கள். கொடையன்று படப்பு போட்டு, அதாவது அவருக்குச் சோறும் கறியும் படைத்து, அவருடைய கதையை விடிய விடிய வில்லுப்பாட்டாகப் பாடுவார்கள். இரண்டு தலைமுறை கழிந்தால் அந்தப் பேய்தான் ஊர்க்காவல் தெய்வம். நேற்று பயமுறுத்தியவளிடம்தான் இன்று பிள்ளைக்குக் காய்ச்சல் என்று போய் நிற்கிறோம். இசக்கியம்மனின் சுடுமண் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள்: இடுப்பில் ஒரு பிள்ளை இருக்கும், வாயில் கடித்தபடி இன்னொரு பிள்ளை இருக்கும். பிள்ளை வரம் கேட்டு மரத்தொட்டில் கட்டுவதும் அதே இசக்கிக்குத்தான். இந்த முரணை ஒரே முகத்தில் கொண்டுவர எந்த நடிகையால் முடியும் என்று யோசித்துப் பாருங்கள். அவளைப் போய் புகையாகக் கரைக்கிறீர்களே!

நான் சொல்வது பழைய பஞ்சாங்கம் என்று தோன்றினால் நீலியின் கதையை எடுத்துக்கொள்வோம். 2025இல் மலையாளத்தில் டொமினிக் அருண் இயக்கிய லோகா படத்தில், கதைகளில் யட்சியாக வருகிற கள்ளியங்காட்டு நீலி பெங்களூரில் சூப்பர் ஹீரோவாக வந்து இறங்கினாள். நம் ஊர்த் தியேட்டர்களிலும் நன்றாகவே கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் எத்தனை பேருக்குக் கள்ளியங்காடு நாகர்கோவில் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியும்? 1956 நவம்பர் 1 வரை கன்னியாகுமரிப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது. எல்லைக்கோடு போட்டபோது மண் இந்தப் பக்கம் வந்தது. நீலி இரண்டு பக்கமும் நின்றுகொண்டாள். ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில், காற்றாலைகளுக்கு நடுவே இருக்கிற முப்பந்தல் இசக்கியம்மன் கோவிலில் போய்க் கேளுங்கள், அவள் கதையைத்தான் சொல்வார்கள்.

வடக்கே இன்னொரு நீலி இருக்கிறாள். திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர்க்காரி. கதை உங்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும், ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் இது ஒரு முழுத் திரைக்கதை. முற்பிறவியில் கணவன் கையால் கொலையான ஒருத்தி, மறுபிறவி எடுத்து வணிகனாகத் திரிகிற அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக் கொம்பு ஒன்றை ஒடித்துக் கைக்குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொள்கிறாள். பழையனூர் வேளாளர்கள் 70 பேர் கூடிய சபையில் நின்று, இவர் என் புருஷன், என்னை வேண்டாம் என்கிறார் என்று அழுகிறாள். வணிகன் இவள் பேய், என்னைக் கொல்ல வந்திருக்கிறாள் என்று கதறுகிறான். கள்ளிக் குழந்தை அவனைப் பார்த்து அப்பா என்கிறது. சபை யாரை நம்பும்? இருவரும் இன்றிரவு ஒரே அறையில் தங்குங்கள், அவன் கையில் இருக்கிற மந்திர வாளை எங்களிடம் கொடுத்துவிடட்டும், இவன் உயிருக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் 70 பேர் உயிரையும் தருகிறோம் என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாமல் 70 பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

யார் இதில் வில்லன்? கொலையுண்டவள் நியாயம் கேட்கிறாள், அவள் பக்கம் தப்பில்லை. போன பிறவியில் செய்தது இவனுக்கு நினைவில்லை, இவனையும் முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. சபையோ ஒரு பெண்ணின் கண்ணீருக்கு இரங்கியது. இரங்கியதற்கு உயிரைக் கொடுத்தது. நீலிக் கண்ணீர் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் 71 பிணம் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் “வஞ்சப் படுத்தொருத்தி வாணாள் கொள்ளும் வகைகேட்டு அஞ்சும் பழையனூர்” என்று பாடுகிறார். அப்போதே இது ஊரறிந்த கதை.

இதோடு விட்டார்களா என்றால் இல்லை. பிற்பாடு ஒரு சமணப் புலவர் இவளையே காப்பியத் தலைவியாக்கினார். உயிர்ப்பலியைத் தடுத்த ஒரு சமண முனிவரைத் துரத்த உள்ளூர்க் காளியால் முடியவில்லை. தெற்கேயிருந்து பழையனூர் நீலியை வரவழைக்கிறாள். நீலி வருகிறாள், பயமுறுத்துகிறாள், அழகியாக வேஷம் போட்டு மயக்கப் பார்க்கிறாள். முனிவர் அசையவில்லை. கடைசியில் நீலி அவரிடம் பாடம் கேட்டு, ஊர் ஊராகப் போய் பௌத்தர்களோடு தர்க்கம் செய்து ஜெயிக்கிறாள். நீலகேசி என்கிற அந்த நூலில் பேய்க்குக் கிடைத்த முடிவு அழிவு இல்லை, தத்துவ வகுப்பு! நான் இதை முதல்முறை படித்தபோது சிரித்தேன். இப்போது நினைத்தால் பொறாமையாக இருக்கிறது. பேயை வைத்து இவ்வளவு தைரியமாக விளையாட, ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது.

இன்னொன்று. அதே திருவாலங்காட்டில்தான் சம்பந்தருக்கும் முந்திய காரைக்கால் அம்மையார் பேயுருவோடு இருந்து பதிகம் பாடினார். அதில் ஒரு பாட்டு வருகிறது: ஒரு பெண்பேய் தன் குட்டிக்குக் காளி என்று பேர் வைத்து, சீராக வளர்த்து, மேலில் ஒட்டிய புழுதியைத் துடைத்துவிட்டு, பால் கொடுத்துவிட்டுப் போகிறது. போன தாய் திரும்பி வரவில்லை. குழந்தைப்பேய் அழுது அழுது அப்படியே தூங்கிப்போகிறது. அந்தச் சுடுகாட்டில்தான் இறைவன் ஆடுகிறான். புழுதியைத் துடைக்கிற ஒரு பேயை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை. பேய்க்குக் கோபம் மட்டும்தான் இருக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

பேய்க் காமெடியும் நமக்குப் புதிது கிடையாது. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் பேய்கள் பசியில் மெலிந்து, பனங்காட்டுக்குக் கையும் காலும் முளைத்தது போல நிற்கின்றன. போர் முடிந்ததும் பிணக்கூழ் காய்ச்சிப் பந்தி போடுகின்றன. குருட்டுப் பேய், ஊமைப் பேய், பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறார்கள். நம் கல்யாணப் பந்திதான், இலையில் இருப்பதுதான் வேறு. சிரித்துக்கொண்டே படிப்போம். இந்த விருந்தைக் கொடுத்த போரில் எத்தனை பேர் செத்தார்கள் என்பது தலையில் உறைக்கிறபோது சிரிப்பு தொண்டையில் நிற்கும். உங்கள் படங்களில் காமெடி நடிகர் பேயைப் பார்த்து ஓடி, கதவில் மோதி, கீழே விழுகிறார். சரி, குழந்தைகள் சிரிக்கிறார்கள். நானும் சில சமயம் சிரித்திருக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்.

சினிமாவே இதைக் கெடுத்தது என்று நான் சொல்ல வரவில்லை. அப்பா படப்பெட்டிகளை அவிழ்க்கும்போது மாயாஜாலப் பட இயக்குநர் விட்டலாச்சார்யாவின் படம் என்றால் அன்று வசூலுக்குக் கவலை இல்லை. 1978இல் வந்த ஜெகன்மோகினியில் பேய் தன் காலையே விறகாக அடுப்பில் செருகிச் சமைக்கிற காட்சி வரும்போது தரை டிக்கெட் பெண்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள். இரண்டாம் ஆட்டம் விட்டதும் யாரும் தனியாகப் புளியமரத்தைக் கடக்க மாட்டார்கள். அப்பாதான் டார்ச்சோடு கடைசி வீடு வரை கொண்டுபோய் விடவேண்டும். அந்தக் காட்சி ஏன் அப்படி ஒட்டிக்கொண்டது என்று பின்னாளில் யோசித்தேன். தலைவிரி கோலத்தையும் கோரைப்பல்லையும் நாங்கள் எப்போதோ மறந்துவிட்டோம். சமைக்கிற பேயை மறக்க முடியவில்லை. அடுப்படி எங்கள் எல்லார் வீட்டிலும் இருந்தது, விறகுத் தட்டுப்பாடும் இருந்தது. விட்டலாச்சார்யா உடுப்பிப் பக்கம், தெய்வ வேஷம் கட்டிப் பூதக் கோலம் ஆடுகிற மண்ணில் பிறந்தவர். அவருக்குப் பேயும் குடித்தனம் நடத்தும் என்று தெரிந்திருக்கிறது.

அதற்கும் முன்னால் பாதாள பைரவி, மாயா பஜார். இரண்டுக்கும் மார்கஸ் பார்ட்லிதான் கேமரா. ரங்காராவ் கடோத்கஜனாக உட்கார்ந்திருக்க லட்டுகள் தாமாகப் பறந்து வாய்க்குள் போகிற காட்சியை அப்பா எத்தனையோ தடவை ஓட்டியிருப்பார். ஒவ்வொரு தடவையும் புரொஜெக்டர் ஓட்டை வழியாக எட்டிப் பார்ப்பார் என்று அம்மா சொல்வாள். 1951இல் மர்மயோகி படத்துக்குப் பேய்க் காட்சிகளுக்காகவே ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தார்கள். இன்று அதே படத்தை எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் போட்டுக் காட்டினால் எப்போது பேய் வரும் என்று கேட்பார்கள். பயம் பழசாகிவிடும், லட்டு பழசாகாது.

ஆகவே என் குறை தொழில்நுட்பத்தைப் பற்றியது இல்லை. கணினி வரைகலை நன்றாக இருந்தால் சந்தோஷம், மோசமாக இருந்தாலும் பொறுத்துக்கொள்வோம். முடிவைத்தான் தாங்க முடியவில்லை. இதில் எனக்கு விளங்காத ஒன்றையும் கேட்டுவிடுகிறேன்: தமிழ்நாட்டுப் பேயை ஓட்டுவதற்கு ஏன் எப்போதும் மலையாள மாந்திரீகர்தான் காரில் வந்து இறங்குகிறார்? இங்கே வேலையில்லாத கோடாங்கிகள் எத்தனை பேர் இருக்கிறார்கள்!

காஞ்சனா 2011இல் வந்தபோது எங்கள் ஊரில் அதைக் கொண்டாடியதற்கு ஒரு காரணம் உண்டு. கொல்லப்பட்ட ஒரு திருநங்கை இன்னொருவர் உடம்பில் இறங்கி நியாயம் கேட்கிறார். சாமியாட்டம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது அந்நியமாகத் தெரியவில்லை. மாரி செல்வராஜின் கர்ணனில் நிற்காத பேருந்துகளுக்கு நடுவே சாலையில் செத்துப்போகிற சிறுமி, தெய்வ முகத்தோடு அந்த ஊரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறாள். ஒரு வசனம்கூட இல்லாமல் எங்களுக்குப் புரிந்தது. லீனா மணிமேகலையின் மாடத்தி, ஒடுக்கப்பட்ட ஒரு பெண் எப்படி ஊருக்குத் தெய்வமாகிறாள் என்பதையே படமாக வைத்தது. பெரிய தியேட்டர்களுக்கு அது வந்து சேரவில்லை. ஆக, உங்களில் சிலருக்கு இந்த வழி தெரிந்துதான் இருக்கிறது.

கன்னடப் படமான காந்தாராவை 2022இல் தமிழ்நாட்டில் ஏன் அப்படிப் பார்த்தார்கள் என்று உங்கள் கதை விவாதங்களில் அலசியிருப்பீர்கள். அதற்குப் பிறகு வந்த படங்களைப் பார்த்தால் நீங்கள் எடுத்துக்கொண்டது தீப்பந்தமும் உறுமலும் என்று தெரிகிறது. அந்தப் படத்தின் அடியில் இருப்பது ஒரு நில வழக்கு. ராஜா தெய்வத்துக்குக் கொடுத்த வாக்கு, அந்த வாக்கின் பேரில் ஜனங்களுக்குக் கிடைத்த மண், அதை மீட்டுக்கொள்ள வருகிற வாரிசு, நடுவில் வனத்துறை. கடைசியில் தெய்வம் வந்து அதிகாரியின் கையையும் ஊர்க்காரர்களின் கையையும் பிடித்துத் தன் நெஞ்சோடு சேர்த்து வைத்துவிட்டுக் காட்டுக்குள் போகிறது. எங்கள் கொடைகளில் நடக்கிற அதே ஒப்பந்தம்தான். ஆச்சிக்கு அந்தப் படம் பிடித்தது. மொழி மாற்றத்தில் பாதி வசனம் காதில் விழவில்லை, ஆனாலும் பிடித்தது.

சத்தம் போடாமலும் இதைச் செய்யலாம். லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் நண்பகல் நேரத்து மயக்கம் நினைவிருக்கிறதா? வேளாங்கண்ணி போய்விட்டுக் கேரளத்துக்குத் திரும்புகிற வேனில் தூங்கி எழுந்த மம்மூட்டி, ஒரு சோளக்காட்டு வழியாக இறங்கி நடந்து, ஒரு தமிழ்க் கிராமத்து வீட்டுக்குள் நுழைந்து, இரண்டு வருஷமாகக் காணாமல் போன சுந்தரமாகவே மாட்டுக்கு வைக்கோல் போட ஆரம்பிக்கிறார். படம் முழுக்க ஒரு மந்திரவாதிகூட இல்லை. கண் தெரியாத கிழவி டிவி சத்தத்தைக் கேட்டபடி, வந்தவனை மகனாகவே ஏற்றுக்கொள்கிறாள். தெருவில் எங்கோ பழைய தமிழ்ப் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. உறங்குவது போலும் சாக்காடு என்கிற குறளை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போகிறார்கள். இவ்வளவு தமிழாக இருக்கிற ஒரு மாயப்படத்தை மலையாளத்திலிருந்து ஒருவர் பழனிப் பக்கம் வந்து எடுத்துவிட்டுப் போனார். அவர் மேல் எனக்கு நன்றி. உங்கள் மேல் கொஞ்சம் வருத்தம்.

தாய்லாந்திலும் இப்படித்தான். 2010இல் கான் விழாவின் பெரிய பரிசை வாங்கிய அபிசாட்போங்கின் பூன்மீ மாமா படத்தில், செத்துப்போன மனைவி இராச்சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்காருகிறாள். யாரும் அலறவில்லை. கொஞ்சம் திகைத்துவிட்டு, எப்படி இருக்கிறாய் என்று பேச்சுக் கொடுக்கிறார்கள். எங்கள் ஊர்ப் படப்பு ஞாபகம் வந்தது எனக்கு.

உங்கள் ஃபிளாஷ்பேக்கைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வில்லுப்பாட்டில் சாமி எப்போது வரும் தெரியுமா? பெரும்பாலும் பிறப்பைப் பாடும்போது வராது. கொலையைப் பாடும்போது வரும். புலவர் வீசுகோலால் வில்லில் அடித்துக்கொண்டே அந்தச் சாவை ஒவ்வொரு வெட்டாக நெருங்குவார். குடக்காரர் அடியை ஏற்றுவார், உடுக்கை சேர்ந்துகொள்ளும், புலவரின் கண் மட்டும் சாமியாடுகிற கோமரத்தாடி மேலேயே இருக்கும். அவர் உடம்பு நடுங்க ஆரம்பித்தால் கதை அங்கேயே நிற்கும்; இனி பேசவேண்டியவர் வந்துவிட்டார். செத்தவருக்கு முன்னால் அவருடைய சாவை, ஊர் மறைக்காமல், ஒன்றுவிடாமல் சொல்வதுதான் அந்த இரவின் முழு வேலையும். அவர் காத்துக்கொண்டிருப்பதும் அதற்குத்தான். உங்கள் படத்தில் இதற்குச் சமமான இடம் ஃபிளாஷ்பேக். அதை நீங்கள் இருபது நிமிஷத்தில், ஒரு டூயட், ஒரு சண்டை, ஒரு மழைக் கொலை என்று முடித்துவிட்டு கிளைமாக்ஸுக்கு ஓடுகிறீர்கள். பேய் இருக்கிற அறையிலேயே, கொன்றவனும் கேட்கும்படி, யாராவது அந்தக் கதையைச் சொல்லட்டும். சொல்லுகிறவர் பொய் சொன்னால் என்ன ஆகும், ஒரு பெயரை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எடுத்துப் பாருங்கள். பயத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

அந்தச் சத்தத்தையும் கேட்டுவிட்டு வாருங்கள். சுடலைமாடன் கோவில் கொடையில் கூத்துக் கலைஞர்களான கணியான்கள் மகுடம் என்கிற தோல்வாத்தியத்தை அடிக்கிற ஓசை, நள்ளிரவில் மாடன் கயிலாயத்துச் சுடுகாட்டில் பிணம் தின்ற கதை, அதன்பின் சாமி மயானத்துக்கு வேட்டை போகிறபோது ஊரில் விளக்குகள் அணைவது. வேட்டை நாளில் எங்கள் டாக்கீஸிலும் இரண்டாம் ஆட்டம் கிடையாது. அப்பா மெஷினுக்கு மூடி போட்டுவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொள்வார். எத்தனையோ பேய்களை வெள்ளைத் திரையில் ஓடவிட்டவர் அவர். கணியான்களை வைத்து ஒலிப்பதிவு செய்தால் டைட்டிலில் பெயர் போடுங்கள், சம்பளத்தை அன்றே கொடுத்துவிடுங்கள். கதையை எடுத்துக்கொண்டாலும் அப்படித்தான், தொகுத்தவர்களின் பெயரைப் போடுங்கள். நா. வானமாமலையும், குமரி மாவட்டத்தில் அ.கா. பெருமாளும் நாட்டார் கதைகளை வருஷக்கணக்காகத் தேடித் தொகுத்து வைத்திருக்கிறார்கள். கதைக்குப் பஞ்சம் என்று மட்டும் பேட்டி கொடுக்காதீர்கள்.

சரி, ஒரு கதையை நானே எடுத்துக் கொடுத்துவிடுகிறேன். முத்துப்பட்டன் பிராமணன். செருப்புத் தைக்கிற குடும்பத்துப் பெண்கள் இருவர், பொம்மக்காவும் திம்மக்காவும், காட்டில் பாடுவதைக் கேட்டு மயங்கிப்போகிறான். அவர்கள் தகப்பன் நம்பவில்லை. பூணூலை அறுத்து, குடுமியை எடுத்து, எங்களைப் போலத் தோல் வேலை செய்து காட்டினால் பார்க்கலாம் என்கிறான். பட்டன் அப்படியே செய்கிறான், இருவரையும் மணக்கிறான். மணம் முடிந்த கையோடு மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்துப்போகிறான். பெண்கள் இருவரும் அவன் சிதையில் ஏறுகிறார்கள். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயன் என்கிற பெயரில் இன்று அவனுக்குச் சந்நிதி இருக்கிறது. ஜனங்கள் அவனுக்குக் காணிக்கையாகச் செருப்பு கட்டுகிறார்கள். எங்கேயாவது கோவிலுக்குள் செருப்பைக் கொண்டுபோய் சாமிக்கு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கட்டிய புதுச் செருப்பு கொஞ்ச நாளில் தேய்ந்திருக்கும், சேறு ஒட்டியிருக்கும், பட்டவராயன் ராத்திரியில் அதைப் போட்டுக்கொண்டு காட்டைச் சுற்றி வருகிறான் என்பது நம்பிக்கை.

இதில் பேய் இருக்கிறது, காதல் இருக்கிறது, சாதி இருக்கிறது, புலிகள் திரிகிற முண்டந்துறைக் காடு இருக்கிறது. பங்களா மட்டும்தான் இல்லை.

ஆடி அமாவாசைக்குக் காரையாறில் பெருங்கூட்டம் வரும். தாமிரபரணிக் கரையில் ஜனங்கள் நாள்கணக்கில் குடில் போட்டுத் தங்கியிருப்பார்கள். நீங்களும் ஒரு தடவை வாருங்கள். கேமரா இப்போதைக்கு வேண்டாம். வருகிற வழியில் அம்பாசமுத்திரத்தில் நல்ல தோல் செருப்பாக ஒரு ஜோடி வாங்கிக்கொள்ளுங்கள். அளவு என்ன என்று கடைக்காரர் கேட்டால் பட்டவராயனுக்கு என்று சொல்லுங்கள், அவரே எடுத்துக் கொடுத்துவிடுவார். கட்டிவிட்டுப் போய், அடுத்த ஆடிக்கு வந்து அடியைத் திருப்பிப் பாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டரின் மகன்